வீட்டு உப்பை மாற்றுகிறீர்களா? முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கடை

பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஈசூனில் எங்கள் புளோக்கில் யாருக்கு மாத்திரையில் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, சோடியம் குறைந்த உப்பு என்று ஃபேர்பிரைஸில் வைத்திருக்கிறார்களே, வாங்கலாமா?"

பெரும்பாலோர் தாராளமாக வாங்கலாம். சிலர் தொடவே கூடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாக்கெட்டைக் கூடையில் போடாதீர்கள்.

சாதாரண உப்பு என்பது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. இந்தப் புது உப்பில் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியம் இறக்கும். ஆக, ஒரு மாற்றத்தில் இரண்டு லாபம். நமக்கு அது தேவைதான். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,000 மில்லிகிராமுக்கும் கீழே. உப்பாகப் பார்த்தால் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அதற்குள் சாம்பார், பொரியல், மீ கோரெங், இரவு இட்லிக்குச் சட்னி எல்லாம் அடங்க வேண்டும். 2021-22 கணக்கில் இங்கே 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உப்பை மாற்றினால் உயிர் பிழைக்குமா என்று கேட்டால், நான் முதலில் சொல்வது சீனாவில் நடந்த ஆய்வைத்தான். முடிவு 2021-ல் வந்தது. 600 கிராமங்கள், ஏறக்குறைய 21,000 பேர். எல்லாரும் முன்பு பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. ஐந்து ஆண்டு வாக்கில் பார்த்தபோது பக்கவாதம் 14 விழுக்காடு குறைவு, இறப்பு 12 விழுக்காடு குறைவு. அதற்கும் முன்னால், 2006-ல் வெளியான தைவான் ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். முன்னாள் ராணுவ வீரர்கள் வாழும் முதியோர் இல்லத்தில் ஆட்களைப் பிரிக்காமல் சமையலறைகளைப் பிரித்தார்கள். ஐந்து சமையலறைகளில் இரண்டில் மட்டும் பொட்டாசியம் உப்பு. அங்கே சாப்பிட்டவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோயால் நேர்ந்த இறப்பு சுமார் 40 விழுக்காடு குறைந்தது. உப்பை மாற்ற வேண்டியது சமைப்பவர்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

கொழுந்தனாரின் வாட்ஸ்அப்

இதைச் சொன்னவுடன் என் கொழுந்தனார் ஒரு செய்தியை அனுப்புவார்: "உப்பைக் குறைத்தால்தான் ஆபத்து, பெரிய ஆய்வே சொல்கிறது." அது கட்டுக்கதை இல்லை. 2014-ல் வந்த பியூர் ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பல நாடுகளில் பார்த்தது. நாளுக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து குறைவு, அதற்கு மேலே போனாலும் கூடுகிறது, கீழே போனாலும் கூடுகிறது என்றது. இன்றுவரை நிபுணர்கள் இதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள்.

சண்டை எங்கே என்று பார்த்தால், சிறுநீர் ஜாடியில். ஒருவர் எவ்வளவு சோடியம் சாப்பிட்டார் என்று அறிய நம்பகமான வழி, 24 மணி நேரச் சிறுநீரை முழுதாகச் சேகரிப்பது. காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் வருவதெல்லாம் ஜாடிக்குள். மறுநாள் எழுந்ததும் வருவதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். கேட்க எளிது. வேலைக்குப் போகிறவர் அந்தப் பெரிய பிளாஸ்டிக் ஜாடியைப் பையில் மறைத்துக்கொண்டு எம்ஆர்டி ஏற வேண்டும், அலுவலகக் கழிப்பறையில் யாரும் பார்க்காமல் ஊற்ற வேண்டும். திரும்பக் கொண்டுவரும்போது "ஏதாவது விட்டுப்போச்சா?" என்று நாங்கள் கேட்போம். "ஒரே ஒரு தடவைதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும், ஒரு தடவை இல்லை.

ஒரு லட்சம் பேரிடம் இந்தப் பாடு படுத்த முடியாது என்பதால் பியூர் ஆய்வில் காலையில் ஒரே ஒரு மாதிரி எடுத்து, வயது, எடை, உயரம் எல்லாம் போட்டு ஒரு சூத்திரத்தால் முழு நாள் அளவை மதிப்பிட்டார்கள். வயதும் எடையும் தாமாகவே இதய நோயோடு சம்பந்தப்பட்டவை. அவற்றை உப்புக் கணக்கில் கலந்தால் எது உப்பால் வந்தது, எது வயதால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். இன்னொன்று, ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள், உப்பும் குறையும். பிறகு அவர்கள் இறந்தால் பழி உப்புக் குறைவின் மேல் விழும்.

2022-ல் இன்னொரு குழு வேறு மாதிரி செய்தது. ஆறு ஆய்வுகளில் இருந்து 10,709 பேர், ஒவ்வொருவரிடமும் குறைந்தது இரண்டு 24 மணி நேரச் சேகரிப்பு. கீழே இறங்கினால் ஆபத்து கூடும் என்ற வளைவு அங்கே காணவில்லை. சோடியம் 1,000 மில்லிகிராம் கூடக் கூட, இதய நோய் ஆபத்து 18 விழுக்காடு கூடிக்கொண்டே போனது. நான் ஜாடியின் பக்கம். கொழுந்தனார் இன்னும் அவர் பக்கம்.

யார் தொடக் கூடாது

சீனாவில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் என்று தெரிந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதுதான் முக்கியம். நல்ல சிறுநீரகம் அதிகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும், பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. சீனா முழுக்க இந்த உப்புக்கு மாறினால் என்ன ஆகும் என்று 2020-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கும் மேல் இதய, பக்கவாத இறப்புகள் தவிரும், ஆனால் சிறுநீரக நோயாளிகளில் சுமார் 11,000 பேர் பொட்டாசியத்தால் இறக்கலாம் என்றது அந்தக் கணக்கு. நாட்டுக்கு லாபம்தான், அந்த 11,000 பேரில் உங்கள் அப்பா இல்லாத வரைக்கும். 2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் பெரியவர்களுக்கு மட்டும் என்றது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்தப் பரிந்துரைக்குள் வரமாட்டார்கள்.

அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) பொட்டாசியமும் எவ்வளவு என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள், எண் ஏற்கெனவே கணினியில் இருக்கும். "நன்றாக இருக்கிறது" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள், எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள். ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு போன்றவை உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும், அவை இருந்தால் இந்த உப்பு வேண்டாம். எனாலாப்ரில், லோசார்ட்டன், வால்சார்ட்டன் வகையும் ஓரளவு அப்படித்தான். நம் வீடுகளில் இவை இல்லாத பையே கிடையாது. மருத்துவர் சரி என்றால் உப்பை மாற்றிச் சில வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லக்கூடும். கேட்காமல் மாற்றாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் என்றால் இரண்டு உப்பு ஜாடி வைத்துப் பிரித்துச் சமைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அவசரக் காலையில் யார் கை எந்த ஜாடிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் சாதாரண உப்பே இருக்கட்டும், அளவைக் குறையுங்கள்.

கடையிலும் அடுப்பிலும்

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்க வேண்டும். சாதாரண உப்பில் 100 கிராமுக்குச் சோடியம் ஏறக்குறைய 39,000 மில்லிகிராம். சீன ஆய்வில் கொடுத்த விகிதத்தில் கலந்தால் அது 29,500 வாக்கில் வரும். பாக்கெட்டில் 38,000, 39,000 என்று போட்டிருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது பழைய உப்புதான். இந்துப்பும் அப்படியே. தேக்காவில் இளஞ்சிவப்பு நிறத்தில் அழகாக இருக்கிறது என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கி, பிபிக்கு நல்லது என்று மாமியாருக்குப் போடுகிறார்கள். அது கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. கல்லுப்பும் எடைக்கு எடை அதேதான்.

பொட்டாசியம் அதிகமானால் நாக்கில் ஒரு கசப்பு, உலோக வாடை போல. எனவே முதலில் நாலில் ஒரு பங்கு கலந்ததையே வாங்குங்கள். புளியும் மிளகாயும் இருக்கும் இடத்தில் அது தெரியாது. மீன் குழம்பு, வத்தக் குழம்பு, ரசம், சாம்பார் எதிலும் என் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாட்டிக்கொள்வது தயிர்ச் சாதத்திலும் மோரிலும்தான். விழுங்கிய பிறகு நுனி நாக்கில் நிற்கும். இவற்றுக்கு மட்டும் நான் பழைய உப்பைக் கொஞ்சமாகப் போடுகிறேன். ஊறுகாய்க்கும் பழைய உப்புதான், கெடாமல் இருக்க வேண்டுமே.

ருசி கொஞ்சம் மந்தமாகத் தெரிகிறது என்று இன்னொரு சிட்டிகை போட்டுவிட்டால் மாற்றியதற்கு அர்த்தமே இல்லை. முதல் இரண்டு வாரம் கையால் அள்ளாமல் கரண்டியால் அளந்து போடுங்கள். ஜாடியில் பெரிய எழுத்தில் என்ன உப்பு என்று எழுதி ஒட்டுங்கள், பணிப்பெண் சமைக்கும் வீடாக இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில். விருந்தாளிக்கோ கோயில் அன்னதானத்துக்கோ சமைக்கும்போது இந்த உப்பு வேண்டாம். யாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்தவர் முகத்தில் எழுதியிருக்காது.

சீனக் கிராமத்தில் உப்பு பெரும்பாலும் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. நமக்குப் பாதிச் சாப்பாடு உணவங்காடி நிலையத்தில். அங்கே உப்பை மாற்ற முடியாது, ஊற்றுவதைக் குறைக்க முடியும். பரோட்டாவுக்குக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், தொட்டுச் சாப்பிடுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். நூடல்ஸ் சூப்பைக் கடைசி வரை குடிக்க வேண்டியதில்லை. வீட்டில் மேகி செய்தால் மசாலாப் பொட்டலத்தில் பாதி. வாழையிலைச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் வரும், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பானங்களில் இப்போது ஏ, பி, சி, டி என்று பார்க்கிறோமே, அந்த நியூட்ரி-கிரேட் முத்திரையை 2027 நடுவிலிருந்து உப்பு, சாஸ், மசாலா, உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய்க்கும் கொண்டுவரப் போவதாகச் சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. அதுவரை பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி.

மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாற்றிய ஒரு மாதம் கழித்து ஒரு வாரம், காலையும் மாலையும் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பாருங்கள். கோப்பி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள், நன்றாக வந்ததை மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் பார்க்கும் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அதிகம். இறங்கியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. தலை சுற்றினால், அல்லது எண் வழக்கத்தைவிட மிகக் கீழே போனால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் அளவைக் குறைப்பார்.