நவச்சாரத்திலிருந்து ஆழ்நீலம் வரை: அம்மோனியாவைச் சோதனைக்குழாயில் படிப்போம்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாத்திரத்தை உலையில் நன்றாகச் சூடாக்கி, உள்ளே ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். குபுகுபுவென்று வெண்புகை எழும், மூக்கில் ஏறும். பிறகு பார்த்தால் கறுத்துக் கிடந்த பித்தளை பளபளக்கும், அதன் மேல் வெள்ளீயம் வழுக்கிக்கொண்டு பரவும். அந்தப் பொடிதான் நவச்சாரம். பிளஸ் டூ ஆய்வகத்தில் அதே பொருள் அம்மோனியம் குளோரைடு என்ற பெயரில் புட்டியில் இருக்கிறது.

அம்மோனியா பாடத்தைப் பலர் சமன்பாடுகளின் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவையே இல்லை. அம்மோனியா மூலக்கூறிலுள்ள நைட்ரஜன் அணுவின் மேல் பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அந்த ஜோடியை யார் பிடிக்கிறார்கள், யாரிடமிருந்து அது விடுபடுகிறது என்று ஒவ்வொரு சோதனையிலும் கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் கண்ணாடி அணியுங்கள். சன்னலருகிலோ புகைபோக்கிப் பெட்டியிலோ நில்லுங்கள். குழாயின் வாய் உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்க்கக் கூடாது. வாயுவை நேராக முகராமல், கையால் விசிறி லேசாக முகருங்கள்.

படி 1: வாயுவை விடுவித்தல்

சோதனைக்குழாயில் ஒரு சிட்டிகை அம்மோனியம் குளோரைடு எடுத்து, இரண்டு மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்து மெதுவாகச் சூடாக்குங்கள்.

அம்மோனியம் குளோரைடு + சோடியம் ஹைட்ராக்சைடு → சோடியம் குளோரைடு + நீர் + அம்மோனியா

அம்மோனியம் அயனி என்பது அம்மோனியாவின் ஜோடி ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, பிடித்து வைத்திருக்கும் நிலை. ஹைட்ராக்சைடு அயனி அதைவிட வலிய காரம். அது புரோட்டானைப் பறித்து நீராகிவிடுகிறது, அம்மோனியா தனித்து நிற்கிறது. சூடாக்காமல் விட்டால் பெரும்பகுதி வெளியே வராது. காரணம் அதன் கரைதிறன்: அறை வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 700 பங்கு அம்மோனியா வாயுவை உள்வாங்கிக்கொள்ளும்.

இப்போது ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாய்க்கு மேலே பிடியுங்கள். நீலமாகும். தாள் ஈரமாக இருப்பது கட்டாயம். அம்மோனியா நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனியைத் தந்தால்தான் நிறம் மாறும்.

மாணவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். தாள் குழாயின் விளிம்பில் பட்டாலோ, கரைசல் கொதித்துத் தெறித்தாலோ, அங்குள்ள சோடியம் ஹைட்ராக்சைடே தாளை நீலமாக்கிவிடும். இன்னதென்று தெரியாத உப்பைச் சோதிக்கும்போது, அதில் அம்மோனியம் இல்லாமலே "இருக்கிறது" என்று எழுதிவிடுவீர்கள். எனவே தாளை ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் பிடியுங்கள், கொதிக்க விடாதீர்கள்.

படி 2: உறுதிப்படுத்துதல்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடித் தண்டை அதே வாயருகே கொண்டு வாருங்கள். அடர்ந்த வெண்புகை எழும். இது காற்றிலேயே பிறக்கும் அம்மோனியம் குளோரைடு, அதாவது மறுபடி நவச்சாரம். அடர் அமிலம் ஈரக் காற்றில் தானாகவே சற்றுப் புகையும். அதனால் தண்டைக் குழாயிலிருந்து விலக்கியும் ஒருமுறை பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டபின் முடிவெழுதுங்கள்.

அம்மோனியாவைக் கண்டறிய உதவும் நெஸ்லர் வினைப்பொருள் இருந்தால், உப்புக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதில் சில துளிகள் விடுங்கள். பழுப்பு நிற வீழ்படிவு (கரையாமல் பிரியும் திண்மம்) தோன்றும். நெஸ்லர் வினைப்பொருளில் பாதரசம் இருக்கிறது. தொட்டியில் ஊற்றாமல் ஆசிரியர் சொல்லும் புட்டியில் சேருங்கள்.

உப்புப் பகுப்பாய்வில் உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, வரிசையாகத் தேடுகிறோம். இந்த அம்மோனியம் சோதனையை ஏன் அந்த எல்லாத் தொகுதிகளுக்கும் முன்னால், பூஜ்ஜியத் தொகுதியாகச் செய்கிறோம்? மூன்றாம் தொகுதிக்குப் போகும்போது நாமே அம்மோனியம் குளோரைடைச் சேர்க்கிறோம். அதற்குப் பிறகு தேடினால், நாம் போட்டதையே கண்டுபிடிப்போம்!

படி 3: உலர்ந்த உப்பைச் சூடாக்குதல்

உலர்ந்த குழாயில் துளி நவச்சாரத்தை மட்டும் சூடாக்குங்கள். அடியில் மறைந்து, குளிர்ந்த மேற்பகுதியில் வெள்ளையாகப் படியும். சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது, குளிர்ந்ததும் சேர்ந்துவிடுகிறது. ஈயம் பூசும் சூட்டில் நடப்பதும் இதுதான். பிரிந்த ஹைட்ரஜன் குளோரைடு, பித்தளையின் மேலுள்ள ஆக்சைடைக் குளோரைடாக்கி அகற்றுகிறது. சூடான காப்பர் ஆக்சைடை அம்மோனியா ஒடுக்கி உலோகமாக்கவும் வல்லது. சுத்தமான உலோகத்தில்தான் வெள்ளீயம் ஒட்டும். பாடநூல் படிக்காமலே இதைக் கைவழியாக அறிந்து வைத்திருந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் எல்லா அம்மோனியம் உப்பும் சூட்டில் அம்மோனியா தராது. எதிரயனி, அதாவது உப்பில் அம்மோனியத்தோடு இருக்கும் மற்ற அயனி, ஆக்சிஜனேற்றியாக இருந்தால் அது நைட்ரஜனையே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நைட்ரைட்டும் டைகுரோமேட்டும் நைட்ரஜன் வாயுவைத் தரும், நைட்ரேட் நைட்ரஸ் ஆக்சைடைத் தரும். இவற்றை நீங்களாகச் சூடாக்கிப் பார்க்கவே கூடாது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது, அங்கே சேமித்து வைத்திருந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்.

படி 4: ஒரு சின்னக் கணக்கு

ஆய்வகப் புட்டியில் "அம்மோனியம் ஹைட்ராக்சைடு" என்று ஒட்டியிருக்கும். உள்ளே பெரும்பாலும் இருப்பது நீரில் கரைந்த அம்மோனியா மூலக்கூறுகள்தான். அதன் கார மாறிலி (காரத்தின் வலிமையைக் காட்டும் எண்) 25 டிகிரி செல்சியஸில் 1.8 × 10⁻⁵. கரைசலின் செறிவு 0.1 மோலார் என்றால்:

ஹைட்ராக்சைடு செறிவு = √(1.8 × 10⁻⁵ × 0.1) ≈ 1.34 × 10⁻³ மோலார்

அதாவது நூறில் ஒன்றுக்குச் சற்று அதிகமான மூலக்கூறுகளே அயனியாகின்றன. பி.எச் மதிப்பு சுமார் 11.1.

இதே கரைசலில் அம்மோனியம் குளோரைடும் 0.1 மோலார் இருக்கும்படி சேர்த்தால், இரண்டுக்கும் பொதுவான அம்மோனியம் அயனியால் சமநிலை பின்னோக்கி நகரும். ஹைட்ராக்சைடு செறிவு 1.8 × 10⁻⁵ ஆகச் சரியும். ஏறக்குறைய 75 மடங்கு வீழ்ச்சி! பி.எச் 9.3 ஆகிறது. மூன்றாம் தொகுதியில் முதலில் அம்மோனியம் குளோரைடு, பிறகு அம்மோனியா என்ற வரிசைக்கு இதுவே காரணம். இந்தக் குறைந்த ஹைட்ராக்சைடே அலுமினியத்தையும் மூன்று மின்சுமை கொண்ட இரும்பையும் வீழ்படிவாக்கப் போதும். துத்தநாகமும் மாங்கனீசும் கரைசலிலேயே தங்கி அடுத்த தொகுதிக்குப் போகும். வரிசையை மாற்றினால் இவை கலந்து வந்து உங்களைக் குழப்பும்.

படி 5: ஆழ்நீலம்

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. நீர்த்த காப்பர் சல்பேட் கரைசலில் அம்மோனியாக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்குங்கள். முதலில் வெளிர்நீல வீழ்படிவு வரும். இங்கே அம்மோனியா காரமாக நடந்துகொண்டு ஹைட்ராக்சைடைத் தருகிறது. நிறுத்தாமல் விடுங்கள். வீழ்படிவு கரைந்து கண்ணைப் பறிக்கும் ஆழ்நீலம் வரும். இப்போது நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் தங்கள் ஜோடிகளைக் காப்பர் அயனிக்கே கொடுத்து அணைவு அயனி அமைத்துவிட்டன. முன்பு புரோட்டான் பிடித்த அதே ஜோடி.

சில்வர் குளோரைடு வீழ்படிவு அம்மோனியாவில் கரைவதும் இதே வழியில்தான், ஆனால் அங்கே இரண்டு மூலக்கூறுகள் போதும். அந்த அம்மோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். நாளடைவில் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். வேலை முடிந்ததும் அமிலம் சேர்த்து அழித்துவிடுங்கள்.

ஆழ்நீலக் குழாயில் நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாக விட்டுப் பாருங்கள். நீலம் வெளுத்து, பழைய காப்பர் சல்பேட் நிறத்துக்கே திரும்பும். புரோட்டான்கள் வந்து ஜோடிகளைப் பிடித்துக்கொண்டதால் காப்பர் தனித்துவிட்டது. அம்மோனியா எங்கே போயிற்று என்று சந்தேகமாக இருந்தால், அதில் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் காரத்தன்மை வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மெல்லச் சூடாக்குங்கள். நீல வீழ்படிவு கருத்துப்போகும். அது காப்பர் ஆக்சைடு, அதைக் கண்டு பதற வேண்டாம். ஈர லிட்மஸைக் குழாய்க்கு மேலே பிடியுங்கள், விளிம்பில் படாமல்.