டோக்காமாக்கில் பிளாஸ்மா அடர்த்தி அளப்பது: இரு நிற லேசர் முறை

டோக்காமாக் என்பது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவை (பிளாஸ்மாவை) காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவி. பிளாஸ்மா வழியே லேசரைச் செலுத்தினால், எலெக்ட்ரான்கள் அதன் கட்டத்தை (அலை தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதை) நகர்த்தும். நகர்வு (ரேடியனில்) = 2.82×10⁻¹⁵ × அலைநீளம் × பாதை நெடுகக் கூட்டிய அடர்த்தி. எல்லாம் மீட்டர் அலகில். 10.6 மைக்ரான் அகச்சிவப்பு கார்பன் டை ஆக்சைடு லேசர், கனமீட்டருக்கு 5×10¹⁹ எலெக்ட்ரான், 2 மீட்டர் பாதை என்றால் சுமார் 3 ரேடியன். அரைச் சுற்றுகூட இல்லை.

உண்மையான தொல்லை அதிர்வுதான். கற்றையைத் திருப்பி அனுப்பும் ஆடி 5 மைக்ரான் பின்வாங்கினாலே ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வந்துவிடும். காந்தச் சுருள்களில் மின்னோட்டம் ஏறும்போது ஆடிகள் இதைவிட அதிகமாகவே நகரும். ஆகவே அதே பாதையில் 0.633 மைக்ரான் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரையும் அனுப்புகிறோம். அதற்கு அடர்த்தி 17 மடங்கு குறைவாகவும், அதிர்வு 17 மடங்கு அதிகமாகவும் தெரியும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள டி-த்ரீ-டி டோக்காமாக்கில் இந்த இணைதான் பயன்பட்டது.

படி 1: சிவப்புக் கற்றையை முதலில் சீரமையுங்கள். 10.6 மைக்ரான் கண்ணுக்குத் தெரியாது, கருவிழியைச் சுடும். அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேசரைத் திறக்காதீர்கள். இரு கற்றைகளும் அருகில் ஓரிடம், தொலைவில் ஓரிடம் என இரண்டிலும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் இரண்டும் வெவ்வேறு அதிர்வை அளக்கும். பிறகு எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது.

படி 2: சாளரம், லென்ஸ் எல்லாம் துத்தநாக செலினைடு. சாதாரணக் கண்ணாடி 10.6 மைக்ரானை விழுங்கிவிடும். துத்தநாக செலினைடு நச்சு, கையுறை போடுங்கள்.

படி 3: ஒவ்வொரு கற்றையும் பிளாஸ்மா வழியே ஒன்று, ஒப்பிட வெளியே ஒன்று என இரு கிளைகளாகப் பிரியும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கிளையின் அதிர்வெண்ணை ஒலி-ஒளி மாடுலேட்டரால் 40 மெகாஹெர்ட்ஸ் நகர்த்துங்கள் (10.6-க்கு ஜெர்மேனியம் படிகம்). கட்டம் கூடுகிறதா குறைகிறதா என்பது இதனால்தான் குழப்பமின்றித் தெரியும்.

படி 4: சிவப்புக்கு சிலிக்கான் ஃபோட்டோடயோடு, அகச்சிவப்புக்குத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்ந்த பாதரச-காட்மியம்-டெல்லுரைடு டிடெக்டர்.

படி 5: அலைநீளம் அ, கட்டம் க என்றால் (1 அகச்சிவப்பு, 2 சிவப்பு),

கூட்டு அடர்த்தி = (அ₁க₁ − அ₂க₂) ÷ [2.82×10⁻¹⁵ × (அ₁² − அ₂²)]

இங்கேதான் பலர் இடறுவார்கள். பாதை நீளம் நொடிக்கு 10 செ.மீ. மாறினால் சிவப்பில் நொடிக்கு 1,58,000 சுற்றுகள் ஓடும். நொடிக்கு 1 லட்சம் அளவீடு போதாது, 10 லட்சமாவது எடுங்கள். வரைபடம் திடீரெனத் தாவினால் தாவலின் உயரத்தைப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 1.26×10¹⁹ என்றால் சிவப்பு ஒரு சுற்றைத் தவறவிட்டது, 2.1×10²⁰ என்றால் அகச்சிவப்பு.

படி 6: வாயு விடாமல், காந்தச் சுருள்களை மட்டும் முழு மின்னோட்டத்தில் இயக்குங்கள். விடை பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தால் படி 1-க்குத் திரும்புங்கள்.