"நல்லாருக்கு" என்று சொல்லாமல் கதை வாசித்துக் கொடுப்பது எப்படி

பாளையங்கோட்டையில் 26 வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. நடுவில் மாதத்துக்கு ஒருவராவது மஞ்சள் பையிலிருந்து குயர் நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். "கொஞ்சம் கதை மாதிரி எழுதியிருக்கேன், அடிச்சுத் தரணும்." அடித்து, பிரிண்ட் எடுத்து, காசும் வாங்கிப் போட்ட பிறகும் ஆள் நகரமாட்டார். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்: "நீங்க வாசிச்சியளா? எப்படி இருக்கு?"

வாசிக்காமலா அடித்தேன்? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த காலத்திலிருந்து இன்றைய யூனிகோடு வரைக்கும் எழுத்தெழுத்தாக வாசித்துத்தான் அடிக்கிறேன். ஆனாலும் ரொம்ப வருஷம் என் பதில் ஒரே வார்த்தை. "நல்லாருக்கு."

அந்த வார்த்தையை நம்பி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் சொந்தக் காசில் 500 பிரதி அச்சடித்தார். அவர் நாவல் நாற்பதாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். மீதி 160 பக்கமும் அறிவுரை. சொல்லவில்லை, வாத்தியார் ஆயிற்றே என்று ஒரு கூச்சம். கல்யாண வீடுகளில் கொடுத்தது போக நானூத்திச் சொச்சம் பிரதி சிந்துபூந்துறையில் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாக் காப்பியையும் ஆறு ஒரே ராத்திரியில வாசிச்சு முடிச்சிட்டும்மா." அதற்கப்புறம்தான் கேட்டார்: "உனக்கு அப்பவே தெரியும், என்னா?"

இப்போது நாங்கள் ஏழு பேர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூடுகிறோம். பெருமாள்புரத்தில் மைனி ஒருத்தி வீட்டு மொட்டைமாடி; சில மாதம் குறுக்குத்துறையில் ஆற்றங்கரைப் படி. புத்தகம் மாற்றிக்கொள்வோம், எழுதியதை வாசித்துக் கருத்துச் சொல்வோம். அடி வாங்கிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்தாலும் செய்யலாம்.

முதலில் புத்தகம்

"உங்களுக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்ததுபோல், மரியாதையான பெயர்களாக நாலைச் சொல்வார்கள். "எதைப் பாதியில வச்சிய? எந்த இடத்துல?" என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும். எங்களில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், பாதி நாள் நைட் டியூட்டி. பெரிய நாவல் எதையும் அவள் முடித்ததில்லை. ரசனை இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டால், மணி அடித்து எழுந்து போய்த் திரும்பி வரும்போது யார் யாருக்குத் தம்பி என்பது மறந்துபோகிறதாம். ஆள் குறைவாக, அத்தியாயம் சின்னதாக இருக்கிற புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தோம். இப்போது எங்கள் எல்லாரையும்விட அவள்தான் அதிகம் வாசிக்கிறாள்.

இன்னொருத்தர் பேங்க்காரர், தினமும் திருச்செந்தூர் பாசஞ்சரில் போய் வருகிறவர். அவருக்குக் கதையின் அளவே ஸ்டேஷன்தான். செய்துங்கநல்லூரில் எடுத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிற சிறுகதை என்றால் சொக்கிப்போவார். ஒரு கதையைப் பற்றி அவர் சொன்னது: "இது நாசரேத்துலயே முடிஞ்சுட்டு அண்ணாச்சி. திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுத்தாச்சேன்னு இவரு இறங்காம உக்காந்திருக்காரு." எழுதியவருக்கு முகம் சுருங்கியது, ஆனால் எங்கே வெட்டவேண்டும் என்பது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ஒரு நோட்டுப் போடுங்கள். யார் கொடுத்தது, யாருக்கு, என்றைக்கு என்பதோடு "ஏன்" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் "அருமையான நாவல்" என்று எழுதக்கூடாது. இந்த ஆளுக்கு இந்தப் புத்தகம் ஏன் என்று ஒரு வரி எழுதவேண்டும். எழுத வரவில்லையா, அந்தப் புத்தகத்தை வேறு யாருக்கோ கொடுக்கவேண்டும் என்று அர்த்தம். திரும்பி வரும்போது எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முடிக்காததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டாம். மாத நாவல் வாசிக்கிறவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற ஆளை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு எட்டுப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

எழுதுகிறவருக்குப் புத்தகம் கொடுப்பது வேறு கணக்கு. திருநெல்வேலி டவுன்காரப் பையன் ஒருவன் தன் தெருவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். முப்பது பக்கத்தில் 41 ஆட்கள். நான் எண்ணினேன். "ஆள் ஜாஸ்தி" என்று சொன்னால் தெருவென்றால் அப்படித்தான் என்பான். வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு'வைக் கையில் கொடுத்தோம். அது பாளையங்கோட்டையில் நிஜமாகவே இருக்கிற தெரு. அந்த நாவலும் அந்தத் தெருவின் சில வீடுகளுக்குள்ளேதான் சுற்றிவரும். கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: "ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குள்ள எப்படி நுழையுதாருன்னு பாரு, போதும்." என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லாமல் கொடுத்திருந்தால், 'இவரை மாதிரி உனக்கு வராது' என்று சொல்வதாக எடுத்துக்கொண்டிருப்பான். புத்தகமும் ஒன்றுதான் கொடுக்கவேண்டும். ஐந்து கொடுத்தால் அது தண்டனை.

பென்சில்

இனி, எழுதியதை வாசித்துச் சொல்வது. கடைக்காரி என்பதால் முதலில் தாள் விஷயம். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் ஒரு தடவைக்கு வாங்காதீர்கள். எழுத்து 14 பாயின்ட், வரிக்கு வரி இரட்டை இடைவெளி, இடது பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம், பக்க எண் கட்டாயம். பி.டி.எஃப். வேண்டாம். ஃபோனில் வாசிக்கிறவர் வாசிப்பதில்லை, விரலால் தள்ளுகிறார்.

முதல் தடவை பென்சிலைத் தொடாமல் வாசியுங்கள். இரண்டாம் தடவை எடுங்கள். 'நன்று', 'சுமார்' என்று மார்க் போடக்கூடாது, திருத்தவும் கூடாது. வாசிக்கும்போது உங்களுக்கு என்ன நடந்ததோ அதை மட்டும் ஓரத்தில் குறிக்கவேண்டும். திரும்பிப் போய் வாசித்த இடத்தில் ஒரு கொக்கி. கண் தாவிய இடத்தில் நெளிகோடு. நம்பமுடியாத இடத்தில் கேள்விக்குறி. வாசிக்கிறோம் என்பதே மறந்துபோன இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியை அந்த நேரத்தில் வைக்க முடியாது, பக்கம் தாண்டிய பிறகுதான் வைக்க முடியும். பிறகு, எழுந்து போன இடம். எதற்காக எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். குக்கர் விசில், கேஸ்காரர், கரண்ட் போனது என்றால் கதைமேல் குற்றமில்லை. ஒரு காரணமும் இல்லாமல் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்தீர்கள் என்றால் அதுதான் எழுதியவருக்குத் தெரியவேண்டியது.

கேள்விக்குறிக்கு ஒரு உதாரணம். சாயங்காலம்தான் திறக்கிற அல்வாக் கடை ஒன்று நெல்லையப்பர் கோயில் பக்கம் இருப்பது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு கதையில் கதாநாயகன் காலை பத்து மணிக்கு அங்கே வரிசையில் நிற்கிறான். வாசித்த எல்லாரும் அதே வரியில் கேள்விக்குறி போட்டிருந்தோம். "கதைதான மக்கா" என்றார் எழுதியவர். கதைதான். ஆனால் அந்த வரிக்கு அடுத்த வரியில் அவனுடைய காதலி வருகிறாள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒற்று விட்டுப்போனால் கை தானாகப் போடும். அதைக் கருத்து என்று கணக்கில் சேர்க்காதீர்கள். எழுத்துப்பிழையைத் தனித்தாளில் எழுதிக் கடைசியில் கொடுங்கள். சந்திப்பிழையில் பேச்சை ஆரம்பித்தால் எழுதியவர் அதோடு காதை மூடிவிடுவார், எனக்கு நடந்திருக்கிறது.

பேசும்போது

ஒருவர் கதையை மூன்று வரியில் திருப்பிச் சொல்லவேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது, கால் மணி நேரம். அப்படித் திருப்பிச் சொல்வதைவிடப் பெரிய கருத்து ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. நர்ஸ் தன் அப்பாவைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தாள். பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவிக்குத் தினமும் நடக்கிற மனுஷன். எங்களில் நாலு பேர் "ஒரு கஞ்சனோட கதை" என்று சொன்னோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பரீட்சை ஃபீஸுக்குச் சேர்த்தாவ" என்றாள், விதியை மீறி. அது அவள் மனசில் இருந்தது, பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அடுத்த மாதம் கொண்டு வந்தபோது விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. ஃபீஸ் கட்டுகிற ஜன்னலில் அவர் சில்லறையை எண்ணி அடுக்குகிற மாதிரி ஒரே ஒரு வரி. மற்ற ஆறு பேரும் அந்த இடத்தில் புள்ளி வைத்தோம்.

"நீங்க இப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் எட்டாம் பக்கத்தில் தொலைந்துபோனேன்" என்று சொல்லுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது, தொலைந்தது நீங்கள்தானே. பாராட்டுக்கும் பக்க எண் வேண்டும். "ஆறாம் பக்கத்துல அந்த ஆச்சி வெத்தலைக் காம்பைக் கிள்ளிக்கிட்டே பதில் சொல்லாம இருக்கா பாருங்க, அங்க எனக்கு வயித்தைக் கலக்கிட்டு." இப்படிச் சொன்னால் அவர் அடுத்த கதையில் இன்னொரு ஆச்சியைப் பேசாமல் உட்காரவைப்பார். பொதுவாகப் பாராட்டினால் அவர் அறிவுரையைத்தான் கூட்டுவார். வாத்தியார் நாவலில் நடந்தது அதுதான்.

பேச்சு வழக்கைச் சோதிக்க, எழுதியவர் அல்லாத ஒருவர் உரையாடலைச் சத்தமாக வாசிக்கவேண்டும். எங்கள் பக்கத்து எழுத்தாளர்களுக்கே ஒரு வியாதி, சினிமாத் திருநெல்வேலி. எல்லாரும் எல்லாரையும் "ஏலே" என்பார்கள். மருமகள் மாமனாரிடம் "ஏலே" என்றால் அந்த வீட்டில் சோறு கிடைக்குமா? ஆற்றங்கரைப் பேச்சு வேறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு வேறு, மேலப்பாளையம் வேறு. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது. நாங்கள் அதை மொட்டைமாடிக்கே கொண்டுபோகிறோம். ஆனால் அதிலிருந்து சொல்லைப் பொறுக்கிக் கதையில் தூவுவதற்கு இல்லை. எழுதியவர் போட்ட சொல் அவர் நினைத்த பொருளில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

எழுத்தில் கொடுக்கும் கருத்து அஞ்சலட்டைக்குள் அடங்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். இது டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்த தி.க.சி. வழி. விமர்சனத்துக்காக 2000-இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர், புதிதாக எழுத வந்த எத்தனையோ பேருக்கு அஞ்சலட்டையில் எழுதிப்போட்டார். 50 காசு அட்டையில் வளவள என்று எழுத இடம் கிடையாது. எது முக்கியமோ அது தானாக முன்னால் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள். இரண்டு கைகூப்பும் படம் போட்டால், பதிலுக்கு இன்னொரு கைகூப்பும் படம் வரும், அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தில் நான் கோட்டித்தனம் செய்தேன். கணவரை இழந்த ஒரு அக்கா கொண்டுவந்த கதையை, அது கதை என்று நினைத்து, கேள்விக்குறியாகப் போட்டுத் தள்ளிவிட்டேன். 'இந்த மரணம் நம்பும்படி இல்லை' என்றும் எழுதினேன். அது அவர் வீட்டில் நடந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, முறுக்கை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதம் வரவில்லை. இப்போதெல்லாம் தாளை வாங்கும்போதே கேட்டுவிடுகிறேன்: "கதையா வாசிக்கணுமா, சும்மா வாசிக்கணுமா?" சும்மா என்றால் பென்சில் மேசையிலேயே இருக்கும். வாசித்துவிட்டு ஒரு காப்பி போட்டுக் கொடுப்பேன்.

கருத்துக் கேட்கிறவருக்கும் ஒன்று. அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள், அன்றைக்கே திருத்தவும் செய்யாதீர்கள். வந்த அட்டை எல்லாவற்றையும் கலைத்துப் பக்கவாரியாக அடுக்குங்கள். ஒருத்தர் மட்டும் சொன்னதைப் பத்திரமாக வையுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் அங்கே உட்காருங்கள்.

வாத்தியார் இப்போது எங்களில் எட்டாவது ஆளாக வருகிறார். போன வாரம் ஒரு புதுக் கதை கொடுத்தார், பதினொரு பக்கம். வெள்ளத்தன்றைக்கு ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவரும் அவர் வீட்டுப் பூனையும். ஐந்தாம் பக்கத்திலும் எட்டாம் பக்கத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன். கடைசி அரைப் பக்கத்தில் பூனை வழியாக அறிவுரை வருகிறது. நெளிகோடு போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.