செய்து வாங்கிய கத்தியை அன்றாடம் புழங்குவது எப்படி

அளவு சொல்லி, எஃகு சொல்லி, ஆசையாகக் கையால் செய்து வாங்கிய கத்தியை உறையோடு அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். ஒரு பார்சல் பிரிக்க வேண்டும் என்றால் மட்டும் மேசையில் கிடக்கும் பிளேடைத் தேடுவார்கள். எனக்கு இது புரிவதே இல்லை. நான் மரச்சாமான் பழுது பார்ப்பவன். பட்டறை திறந்திருக்கும் நேரம் முழுக்க இடுப்பில் ஒரு மடங்காத கத்தி இருக்கும். அலகு 9 செ.மீ., முதுகில் 3 மி.மீ. கனம், 5160 எஃகு. வண்டிகளின் பட்டை ஸ்பிரிங்குக்குப் போடும் ரகம்தான் அது. அட்டை, கயிறு, தோல், ஸ்பாஞ்சு, மரச்சீவல் என்று எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

முதலில், செய்து கொடுத்தவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன எஃகு, ராக்வெல் சி அளவில் எவ்வளவு கடினம், வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, எந்தக் கோணத்தில் தீட்டியிருக்கிறார். வேலைக் கத்திக்கு 57 முதல் 60 வரை கடினம் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் கூர் நிறைய நாள் நிற்கும், ஆனால் பக்கவாட்டில் திருகினால் வாயில் சில்லு பெயர்ந்துவிடும். கோணம் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி என்றால் முரட்டு வேலையும் தாங்கும். 15 என்றால் வழுக்கிக்கொண்டு வெட்டும், ஆனால் கொஞ்சம் செல்லம் கொடுத்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

கத்தி வாங்கும்போது எல்லோரும் முதுகின் கனத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வாய்க்குச் சற்று மேலே, தீட்டிய பட்டை முடியும் இடத்தில் எவ்வளவு கனம் என்பதை. அங்கே அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் எதிலும் இறங்கும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால், எவ்வளவு தீட்டினாலும் அட்டையை வெட்டாது, பிளக்கும். காலிபர் இல்லையென்றால் ஒரு கெட்டி அட்டையை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் போகிறதா, இல்லை இரண்டு பக்கமும் நெரிந்து கிழிகிறதா என்பதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பழக்கம். என் கணக்கில் ஒரு கத்தியில் மூன்று கத்தி இருக்கிறது. பிடியை ஒட்டிய அடி வாய் பலம் போடும் வேலைக்கு. நடுவில் இருக்கும் வளைவு இழுத்து வெட்டும் வேலைக்கு. முனை நுணுக்கத்துக்கு. புதிதாக வாங்கியவர்கள் எல்லா வேலைக்கும் முனைக்குப் பின்னாலுள்ள ஒரே இரண்டு சென்டிமீட்டரைத்தான் புழங்குவார்கள். அந்த இடம் மழுங்கியதும் கத்தியே மழுங்கிவிட்டது என்பார்கள்.

அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அட்டை மெத்தென்று இருந்தாலும் கூரைத் தின்னும்; மறுசுழற்சிக் காகிதத்தில் களிமண்ணும் பொடி மணலும் கலந்திருக்கும். அதனால் நான் அட்டையை எப்போதும் அடி வாயால்தான் வெட்டுவேன். அது மழுங்கினாலும் வளைவும் முனையும் தோல் வேலைக்குத் தயாராக இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் டேப்பைப் பிரிக்க மட்டும் முனை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் இரு பக்கத்தையும் கிள்ளிப் பிடியுங்கள். முனையில் 5 மி.மீ. மட்டும் வெளியே தெரிய வேண்டும். விரல்களே தடுப்பாக நிற்பதால் கத்தி உள்ளே போகாது, பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்குக் கீறல் விழாது.

கயிறு வெட்டும்போது தொங்கவிட்டு அறுக்காதீர்கள். ஒரு மரத்துண்டின் மேல் வைத்து, வளைவை அழுத்தி, ஒரே இழுப்பாக இழுங்கள். நைலான் கயிறு என்றால் வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, அந்த டேப்பின் நடுவில் வெட்டினால் நுனி பிரியாது. பலர் நுனியை உருக்குவதற்காகக் கத்தியையே நெருப்பில் காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். தோய்ச்சல் போட்ட பிறகு, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்த பிறகு, சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்திய எஃகு இது. 300 டிகிரி பக்கம் போனால் நீலம் பூக்கும். நீலம் பூத்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. மோட்டார் சாணையில் வைப்பதும் இதே கதைதான். மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும்.

மரம் சீவுவதில் இரண்டு பிடி தெரிந்தால் போதும். ஒன்று கட்டைவிரல் தள்ளு. கத்தி பிடித்த கை அசையாமல் நிற்கும். மரத்தைப் பிடித்த கையின் கட்டைவிரல் அலகின் முதுகில் அழுத்தி முன்னால் தள்ளும். முன்னே போகும் தூரம் விரல் நீளத்துக்கு மேல் இருக்காது, அதனால் வழுக்கினாலும் கத்தி எங்கும் ஓடாது. நாற்காலிக் காலுக்கு மர முளை செதுக்கும்போது, பொருந்துவதற்குச் சற்று முன்பு எடுக்கும் கடைசிச் சீவல்கள் எல்லாம் எனக்கு இந்தப் பிடியில்தான். இன்னொன்று நெஞ்சுப் பிடி. இரண்டு கையும் நெஞ்சோடு, வாய் வெளிப்பக்கம் பார்க்க, முழங்கைகளை விரித்து இழுக்க வேண்டும். பலம் தோளிலிருந்து வரும், தடித்த சீவல் விழும். மரத்தில் காடி, அதாவது பள்ளம், வெட்டுவதென்றால் முதலில் குறுக்கே ஒரு தடுப்பு வெட்டுப் போட்டுவிட்டு, அதை நோக்கிச் சீவுங்கள். இல்லையென்றால் நார் பிளந்து, வேண்டாத இடம் வரை போய்விடும்.

காய்ந்த கோந்து, பழைய வார்னிஷ் சுரண்ட வாயைத் தொடவே கூடாது. அதற்கு முதுகு இருக்கிறது. முதுகின் விளிம்பு சரியான செங்கோணமாக இருந்தால் மெல்லிய சுருளாகச் சுரண்டி எடுக்கும். பென்சில் மரத்தில் தேய்த்துப் பாருங்கள், சுருள் வருகிறதா என்று. வழுவழுவென்று உருட்டிவிட்ட முதுகு என்றால் கைக்கு இதம், சுரண்ட உதவாது. அடுத்த கத்திக்குச் சொல்லும்போது இதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பெயின்ட் டப்பா மூடி, ஸ்க்ரூ, ஆணி, நெம்பல் எதற்கும் கத்தி இல்லை. கடினப்படுத்திய எஃகு நேராக வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் வளைத்தால் ஒடியும். முனைதான் முதலில் போகும். கண்ணாடி, பீங்கான், கல் மேல் வைத்து வெட்டுவதும் வேண்டாம், மரப்பலகை போதும்.

பாதுகாப்புக்கு என்னிடம் ஒரே கேள்விதான்: கத்தி இப்போது வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? பதில் உங்கள் உடம்பில் ஏதோ ஓர் இடம் என்றால் உட்காரும் விதத்தை மாற்றுங்கள். குறிப்பாக உட்கார்ந்து வெட்டும்போது தொடைகளுக்கு நடுவே வேண்டாம். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே பட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, வேலையை முழங்காலுக்கு அப்பால் வைத்துச் செய்யுங்கள். கீழே விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்துங்கள். யாரிடமாவது கொடுக்க வேண்டுமென்றால் மேசையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

கூர் விஷயத்துக்கு வருவோம். மழுங்கும் வரை விட்டுவிட்டு மொத்தமாகத் தீட்டுவதை விட, வேலை முடிந்ததும் தோல் பட்டையில் நாலு இழுப்பு இழுப்பது மேல். மரப்பலகையில் ஒட்டிய தோல், அதில் பச்சை பாலிஷ் கட்டி தேய்த்தது, அவ்வளவுதான். முதுகு முன்னால் போகும்படி, அழுத்தாமல் இழுங்கள். அழுத்தினால் தோல் மேலெழும்பி வாயை உருட்டிவிடும்.

தோலுக்கு மசியாத நாள் வரும்போது 1000 நம்பர் தீட்டுக்கல்லை எடுங்கள். கோணம் பிடிபடவில்லையா? தீட்டிய பட்டை முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு, கல்லில் ஒரே ஒரு இழுப்பு. இப்போது திருப்பிப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் கத்தியைப் படுக்க வைத்துவிட்டீர்கள். வாயோரம் மட்டும் போயிருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். முழுப் பட்டையும் வெளுத்தால் அதே கோணம், அப்படியே தொடருங்கள். ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருந்தால் மறுபக்கம் மெல்லிய எஃகுப் பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே வழுக்கினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து முனை வரை பிசிறு எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். மறுபக்கமும் அப்படியே தீட்டி, கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மெல்ல மெல்ல இழுத்து, தோலில் முடியுங்கள். விளக்குக்கு நேராக வாயை மேலே தூக்கிப் பாருங்கள். கூரான வாயில் வெளிச்சம் தெறிக்காது. எங்காவது பளிச்சென்று ஒரு புள்ளி மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

துரு பற்றிப் பயப்பட வேண்டாம், சோம்பல்தான் பட முடியாது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல ஏறக்குறைய 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். 5160-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாளே சிவக்கும். துடைத்து, மெல்லிசாகக் கனிம எண்ணெய் தடவினால் போதும். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுப்பாகிவிடும். பழம் நறுக்கினால் அலகில் சாம்பல் நீலக் கறை படியும். அது துரு அல்ல, தேய்த்து எடுக்காதீர்கள். அடியில் இருக்கும் எஃகுக்கு அதுவே ஓரளவு காப்பு. என்னைக் கேட்டால் கண்ணாடிப் பளபளப்பை விட அந்தக் கறைதான் அழகு.

தோல் உறை எடுத்துப் போக மட்டுமே. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் வெளியே வையுங்கள். உருவும்போது உறையில் கத்தியின் வாய் படியும் பக்கத் தையல் மேல் விரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், கூரான கத்தி தையலை அறுத்துக்கொண்டு வந்துவிடும். மரப்பிடிக்கு அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே எடுத்துப் போவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், விமானக் கைப்பையில் எந்த ஊரிலும் வேண்டாம்.

பல வருடம் தீட்டித் தீட்டி வாய் மேலேறும்போது, அந்த இடத்தில் கனம் கூடிக்கொண்டே வரும். கூர் இருந்தும் வெட்டு கனத்துப்போனது தெரிந்தால், செய்தவரிடமே அனுப்பிப் பக்கங்களை மெலிதாக்கச் சொல்லுங்கள். அனுப்பும்போது வாயை அட்டையில் பொதிந்து, எந்தப் பகுதியை அதிகம் புழங்குகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.