லைசென்ஸ் வாங்கிய பிறகு ஓட்டப் பழகுவது: உங்களுக்கும் உங்கள் டிரைவர்களுக்கும்

ஆர்டிஓ டெஸ்ட் பார்ப்பதெல்லாம் வண்டியை உங்களால் நகர்த்த, திருப்ப, நிறுத்த முடியுமா என்பதைத்தான். அது தேவைதான். ஆனால் சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது, அடுத்த மீடியன் இடைவெளியில் ஒரு மொபெட் மூக்கை நீட்டப்போகிறது என்று நூறு மீட்டர் முன்னாடியே யோசிக்க அந்த டெஸ்டுக்குள் எங்கேயும் இடமில்லை. டிஃபென்சிவ் டிரைவிங் என்கிற பயிற்சி முழுக்க இந்த யோசனையைப் பற்றியதுதான். அடுத்தவர் தப்பு செய்வார் என்று வைத்துக்கொண்டு, அவர் தப்பு செய்தாலும் நாம் நிற்பதற்கு இடமும் நேரமும் கையில் இருக்கும்படி ஓட்டுவது. காரில் தனியாகப் போகிறவருக்கும் சரி, பத்து வேன் வைத்து கம்பெனி நடத்துகிறவருக்கும் சரி, ஆரம்பிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

முதலில் இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ, போர்டையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள். மீட்டர் கணக்கு நமக்குக் கண்ணில் பிடிபடாது, விநாடிக் கணக்கு எந்த வேகத்துக்கும் பொருந்தும், 80-ல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. "இடைவெளி விட்டால் இன்னொருத்தன் நுழைந்துவிடுகிறானே" என்று எல்லோரும் கேட்பார்கள். நுழையட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து லேசாகக் காலை எடுத்து மறுபடியும் மூன்று விநாடி விடுங்கள். வழியில் இருபது பேர் நுழைந்தாலும் உங்களுக்கு மொத்தமாகப் போவது ஒரு நிமிடம்.

வேகத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல டயர், நன்றாகப் பிடிக்கும் பிரேக். 80-ல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 69 மீட்டர் ஆகும், 100-ல் வரும் கார் நிற்க 97 மீட்டர். இது வெறும் 28 மீட்டர் வித்தியாசம் இல்லை. இரண்டு காரும் ஒரே இடத்தில் ஒரே மாட்டைப் பார்த்தால், 80-ல் வந்தது மாட்டுக்கு முன்னால் நின்றுவிடும், 100-ல் வந்தது அதே இடத்தை 70 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். கூடுதலாக வைத்த அந்த 20 கிலோமீட்டர்தான் மோதும்போது 70 ஆகத் திரும்பி வருகிறது. இந்தக் கணக்கை உங்கள் டிரைவர்களுக்கு ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டுங்கள், "மெதுவாகப் போப்பா" என்று தினமும் சொல்வதைவிட வேலை செய்யும்.

அடுத்ததுதான் முக்கியமான பயிற்சி, செலவே இல்லாதது, பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் பல காலமாக இருப்பது: பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. பழக்கமான ரோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள், பத்து நிமிடம் போதும். பேச்சு இப்படி இருக்க வேண்டும்: "இடது பக்கம் டவுன் பஸ் நிற்குது, பஸ்ஸுக்கு அடியில் அந்தப் பக்கம் ரெண்டு கால் தெரியுது, யாரோ முன்னாடி சுத்தி வரப்போறாங்க, காலை பிரேக் மேல வெச்சுட்டேன். வலது லேன்ல லாரி 50-ல போகுது, அதுக்குப் பின்னாடி வெள்ளை கார் ரெண்டு தடவை இடது பக்கம் எட்டிப் பார்த்துடுச்சு, இன்டிகேட்டர் போடாம உள்ள வரும், அதுக்கு இடம் விடறேன். கண்ணாடியில ஆம்னி பஸ் வேகமா வருது, இப்ப லேன் மாறக் கூடாது."

முதல் தடவை வாயே வராது. பார்ப்பதைச் சொல்ல முடியாமல் திணறும்போதுதான் இத்தனை நாள் எவ்வளவு பார்க்காமலே ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும். பக்கத்தில் இருப்பவரின் வேலை நீங்கள் சொல்லாமல் விட்டதைக் குறித்துக்கொள்வது. வண்டி ஓடும்போது திருத்தக் கூடாது, நிறுத்தின பிறகு பேசிக்கொள்ளலாம். கண் எங்கே இருக்க வேண்டும் என்றால், முன்னால் போகும் வண்டியின் பம்பரில் இல்லை, பத்துப் பன்னிரண்டு விநாடி தள்ளி நாம் இருக்கப்போகும் இடத்தில். ஓரத்தில் நிற்கும் கார் கிளம்புமா என்று தெரிய வேண்டுமானால் அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள், பாடி அசைவதற்கு முன்னாலேயே சக்கரம் திரும்பும்.

நம்ம ஊர் ரோட்டுக்கு என்று சில விஷயங்கள் உண்டு, எந்த வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது. தை, மாசியில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனால் ரோட்டில் பாதி நெல் காய்ந்துகொண்டிருக்கும், சுற்றி அண்டைக்குக் கல் வைத்திருப்பார்கள், சாயங்காலம் நெல்லை வாரிக்கொண்டு போன பிறகும் கல் சிலசமயம் அங்கேயே கிடக்கும். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய ரோட்டோரம் நடப்பார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் லைட் இருக்காது, இருந்தாலும் கரும்புத் தோகை மறைத்துக்கொண்டிருக்கும். நான்குவழிச் சாலையில் ராங் சைடில் பைக் வருவது எந்த நேரத்திலும் நடக்கும், பெட்ரோல் பங்க்கும் டீக்கடையும் வரும் இடங்களில் இடது ஓரத்தை நம்பாதீர்கள்.

ராத்திரிக்கு ஒரே ஒரு விதி: வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். டிம்மில் வைத்து ஓட்டும்போது ரோடு தெளிவாகத் தெரிவது சுமார் 40, 50 மீட்டர்தான். மேலே போட்ட கணக்குப்படி 60-ல் நிற்க 45 மீட்டர் வேண்டும், 80-ல் 69. அதாவது டிம்மில் 80-ல் போகிறவர், ஓரத்தில் ரிஃப்ளெக்டர் இல்லாமல் நிற்கும் லாரியைப் பார்த்த பிறகு நிற்கவே முடியாது. எதிரே ஹை பீமில் வந்தால் பதிலுக்கு நீங்களும் போடாதீர்கள், கண்ணை இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறையுங்கள்.

வண்டியை வைத்துச் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றே ஒன்று சொல்கிறேன். யாரும் இல்லாத பெரிய மைதானத்துக்குப் போய், 40 வேகத்தில் வந்து, பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இருக்கும் வண்டியில் பெடல் காலடியில் கடகடவென்று அதிரும். வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள்கூட அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடுவார்கள், அங்கேதான் நிற்க வேண்டிய தூரம் கூடிப்போகிறது. எடுக்கக் கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள், வண்டி திரும்பும். நிஜமான ஆபத்தில் முதல்முறையாக அந்த அதிர்வைச் சந்திக்கக் கூடாது என்பதற்குத்தான் இது. போகும் முன் டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. பள்ளங்களுக்குள் சின்ன மேடு தெரியும், தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், அதற்கு முன்பே மாற்றுவது மழைக்காலத்துக்கு நல்லது.

காசு கொடுத்துப் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்று கேளுங்கள்: நிஜ ரோட்டில், நான் தினமும் ஓட்டுகிற வண்டியில் எவ்வளவு நேரம்? நாள் முழுக்க ஏசி ரூமில் படம் போட்டுக் காட்டி சர்டிஃபிகேட் கொடுப்பது பயிற்சி ஆகாது. வண்டியைச் சறுக்கவிட்டு மீட்பது மாதிரி வித்தைகளையே பெரிதாக விளம்பரம் செய்யும் இடமும் எனக்கு ஒப்பவில்லை. நார்வேயில் வழுக்குப் பாதைப் பயிற்சியைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டு 1980-களில் ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்குச் சாலை விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. தெரியும் என்கிற தைரியம் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. கனரக வண்டிக்குக் கும்மிடிப்பூண்டியிலும் நாமக்கல்லிலும் நீண்டகாலமாகப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, லாரி, டிரெய்லர் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

இனி கம்பெனிக்காரர்களுக்கு. டிரைவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அதே பழைய டைம்டேபிளில் ஓட்டச் சொன்னால் அந்தப் பணம் வீண். இடைவெளி விடுவது டிரைவர் கையில் இருக்கிறது, நேரம் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்று வகுத்தது. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா பேசிவிட்டால் டிரைவர் தூக்கத்தை விற்றுத்தான் சம்பாதிப்பார். பேட்டாவை நாளுக்கு இவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள், முடிந்தால் ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை வண்டி நிற்கிற மாதிரி டிரிப் போடுங்கள், உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சுகிற நேரம் அது, டீ குடித்தாலும் பாட்டுப் போட்டாலும் போகாது. இருபது நிமிடம் ஓரங்கட்டித் தூங்கினால்தான் போகும். ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடும்போது "நேற்று ராத்திரி எங்கே ஓட்டினீங்க?" என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

இன்னொன்று, ஓடும் வண்டியில் டிரைவர் போன் பேசுவதாகக் குறைப்படும் முதலாளிகள், கூப்பிட்டது யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆபீஸ்தான், "எங்கே வந்துட்டு இருக்கீங்க" என்று. ஜிபிஎஸ் இருக்கும்போது அந்தக் கேள்விக்கே தேவையில்லை. வண்டி நின்ற பிறகு டிரைவர்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று எழுதி, டெஸ்பாட்ச் பார்க்கிறவர் மேஜையில் ஒட்டுங்கள்.

புது டிரைவரை எடுக்கும்போது லைசென்ஸை பரிவாகன் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது, அதற்கு மேல் என்றால் கனரக லைசென்ஸ் கட்டாயம், இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போய்வாருங்கள். எவ்வளவு வருட அனுபவம் என்று கேட்பதைவிட, அவர் எத்தனை முறை திடீர் பிரேக் போட்டார் என்று பாருங்கள். அடிக்கடி பிரேக் போடுகிறவர் முன்னால் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மலை இறக்கம் இருக்கும் ரூட்டில் ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஒரு வகுப்பே வேண்டும். தருமபுரி தாண்டி சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை மோதித் தள்ளியிருக்கின்றன என்று அந்தப் பக்கம் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். காரணங்களில் ஒன்று, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது. இன்ஜின் பிடிப்பு போய்விடுவதால் முழு எடையும் பிரேக் தலையில் விழுகிறது, லைனிங் சூடேறி, கடைசி வளைவில் மிதித்தால் ஒன்றும் இருக்காது. அந்த மிச்சமும் பொய்க் கணக்கு. இப்போது வரும் இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டரே டீசலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிந்துகொண்டிருக்கும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்கணும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கும் பொருந்தும், தொப்பூருக்கும் பொருந்தும். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வேகம் எடுத்த பிறகு லோடு வண்டியில் குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, ஆபீஸில் ஒரு நோட்டு போடுங்கள். விபத்துகளுக்கு இல்லை, மயிரிழையில் தப்பித்தவைகளுக்கு. எந்த இடம், என்ன நேரம், என்ன குறுக்கே வந்தது என்று டிரைவர் இரண்டு வரி எழுதினால் போதும், எழுதியதற்காக யாரையும் திட்டக் கூடாது, சம்பளத்தில் கைவைக்கக் கூடாது, ஒருமுறை கைவைத்தால் நோட்டில் அப்புறம் எதுவும் வராது. மாதம் ஒருமுறை எல்லா டிரைவர்களையும் உட்காரவைத்துப் படியுங்கள். ஒரே மீடியன் இடைவெளி, ஒரே பஸ் ஸ்டாப் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த இடங்களை டிரிப் ஷீட்டின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.