அக்டோபரில் தில்லிக்குக் குடிவந்தால்

பால் காய்ச்சிய கையோடு அட்டைப்பெட்டியைப் பிரிக்க உட்காராதீர்கள். முதலில் ஜன்னலில் தொங்கும் கூலரைப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தண்ணீர் அடியில் கிடக்கலாம். டெங்கு கொசுவுக்கு அது போதும். இங்கே டெங்கு கூடுவதே மழை ஓய்ந்த இந்த மாதங்களில்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தால் ஆகாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டு மூலைமுடுக்கெல்லாம் அழுத்தித் தேயுங்கள். பழைய புல் தட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டியை வெயிலில் காயவைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள்.

அடுத்தது கீசர். போர் தண்ணீர் வரும் காலனி என்றால் உள்ளே உப்பு அப்பிக்கிடக்கும். இப்போதே ஆள் கூப்பிட்டுக் கழுவுங்கள்; தீபாவளி தாண்டினால் மிஸ்திரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

ரஜாய்க்கு, அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வைக்கு, அவசரமே இல்லை. ஊர்ப் போர்வையே நவம்பர் பாதிவரை தாங்கும். ஜன்னல் இடுக்கில் ஃபோம் டேப் மட்டும் உடனே ஒட்டுங்கள். குளிருக்காக இல்லை, புகைக்காக. பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாள் எரிக்கத் தொடங்கிவிடுவார்கள், பட்டாசு வேறு.

இட்லி மாவு குளிரில் பொங்காது என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்துவார். கையால் கரைத்து, உள்விளக்கை மட்டும் போட்ட ஓவனில் ராத்திரி வைத்தால் பொங்கும். முருங்கைக்காய், சின்ன வெங்காயத்துக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். விலையைக் கேட்டு மயங்கி விழாதீர்கள்.

வாடகை வீடென்றால், குடிவந்தவர் விவரத்தைப் போலீசில் கொடுத்துச் சரிபார்க்கும் போலீஸ் வெரிஃபிகேஷனை வீட்டுக்காரரிடம் நச்சரித்தாவது முடித்துவிடுங்கள்.