ரெக்கார்டு செய்த வேர்டு மேக்ரோ பாதியில் நிற்கிறதா? பிழையைத் தேடும் வழி

மதுரைப் பக்கம் டைப்பிங் கடைகளில் பத்திர வரைவு, மனு என்று ஒரே மாதிரி ஃபைல்கள்தான் நாள் முழுக்க ஓடும். மேலூர் வட்டம் என்றிருப்பதைத் திருமங்கலம் வட்டம் என்று மாற்றி, சொத்து விவர அட்டவணையைச் சீராக்க ஒரு மேக்ரோவை, அதாவது பல வேலைகளை வரிசையாகத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பை, ரெக்கார்டு செய்து வைத்திருப்பார்கள். நேற்று ஓடியது, இன்று வேறு ஃபைலில் நின்றுவிடும். கர்சரை மூன்று வரி கீழே இறக்கினால், ரெக்கார்டர் "மூன்று வரி கீழே" என்றுதான் எழுதிக்கொள்ளும். "சொத்து விவரத்துக்குப் போ" என்று எழுத அதற்குத் தெரியாது. பல கோளாறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் எந்த வரி என்று பிடியுங்கள்

1. ஃபைலை ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் சோதியுங்கள். மேக்ரோ செய்த ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகத்தான் அன்டூ செய்ய வேண்டியிருக்கும்.
2. ஆல்ட் + எஃப்8 அழுத்தி, மேக்ரோவைத் தேர்ந்தெடுத்து, "ஸ்டெப் இன்டு" கொடுங்கள். மேக்ரோவின் கட்டளை வரிகளைக் காட்டும் எடிட்டர் திறக்கும். அதையும் வேர்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.
3. எஃப்8-ஐ ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். லேப்டாப் என்றால் எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். மஞ்சளாகத் தெரிவது இனிமேல் ஓடப்போகும் வரி. ஓடி முடிந்தது அதற்கு முந்தையது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.
4. கர்சர் நீங்கள் நினைத்த இடத்தை விட்டு எந்த வரியில் விலகுகிறது என்று பாருங்கள். பிழைச் செய்தி வருவதற்குப் பல வரி முன்பே அது விலகியிருக்கும்.
5. முடிந்ததும் எடிட்டரில் உள்ள சின்னச் சதுர "ரீசெட்" பட்டனை அழுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மேக்ரோ ஓட மறுக்கும்.

கர்சர் விலகினால்

எழுத்துரு மாறினால் வரி மடங்கும் இடம் மாறும். லதாவில் மூன்று வரியாக இருந்தது நிர்மலாவில் நான்கு வரியாகலாம். அதனால் மறுபடி ரெக்கார்டு செய்யும்போது முதல் விசை கன்ட்ரோல் + ஹோம் ஆக இருக்கட்டும். கீழே போக, வரிக் கணக்கை விட்டுவிட்டு கன்ட்ரோல் + கீழ் அம்பு அழுத்துங்கள். அது பத்தி பத்தியாக நகரும். அதைவிட நல்லது, "சொத்து விவரம்" என்ற சொல்லையே ஃபைண்டில் தேடிப் போவது. ரெக்கார்டு ஓடும்போது மவுஸால் எழுத்தைத் தேர்வு செய்ய முடியாது. ஷிஃப்ட் + அம்பு விசைதான் வழி.

எண்ணோடு வரும் பிழைகள்

5941 என்றால் மேக்ரோ கேட்ட பொருள் இந்த ஃபைலில் இல்லை. முதல் அட்டவணையைக் கேட்டிருக்கும், அட்டவணையே இருக்காது. அல்லது நீங்கள் உருவாக்கிய ஸ்டைல் (பெயரிட்டு வைத்த எழுத்து அமைப்பு) இங்கே இருக்காது. 4605 பேஸ்ட் வரியில் வந்தால், காப்பி செய்தது எதுவும் இல்லை என்று பொருள். காப்பி செய்வதையும் மேக்ரோவுக்குள்ளேயே ரெக்கார்டு செய்துவிடுங்கள்.

பிழையே காட்டாமல் சும்மா இருந்தால்

தமிழில் அடிக்கடி நடப்பது இது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலுக்கு ரெக்கார்டு செய்த தேடல், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு ஃபைலில் ஒன்றையும் பிடிக்காது. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்.

இன்னொன்று: எடிட்டரில் தமிழை நேரடியாக ஒட்டாதீர்கள். அந்த எடிட்டர் யூனிகோடு அறியாதது; எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். மாற்றுச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் அவை நின்றால், பத்திரம் முழுக்கக் கேள்விக்குறிதான் விழும். ரெக்கார்டர் தமிழை எண்களாக எழுதும். மதுரை என்பது 2990, 2980, 3009, 2992, 3016 என்று ஐந்து துண்டுகளாக நிற்கும். சொல்லை மாற்ற வேண்டுமானால் அந்தத் தேடலை மட்டும் புதிதாக ரெக்கார்டு செய்து, அந்த வரிகளை எடுத்துப் பழைய மேக்ரோவில் போடுங்கள்.

அடுத்த கம்ப்யூட்டரில் மேக்ரோவே இல்லையென்றால்

வழக்கமாக மேக்ரோ, அந்தக் கம்ப்யூட்டரின் வேர்டுக்குரிய பொது மாதிரி ஃபைலான நார்மல் டெம்ப்ளேட்டில்தான் சேரும். உங்கள் ஃபைலைக் காப்பி செய்தால் அதோடு சேர்ந்து மேக்ரோ போகாது. ரெக்கார்டு தொடங்கும்போதே சேமிக்கும் இடமாக அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, மேக்ரோவையும் சேர்த்து வைக்கும் டாக்எம் வகையில் சேமியுங்கள். வழக்கமான டாக்எக்ஸ் வகை மேக்ரோவைத் தூக்கி எறிந்துவிடும். மெயிலில் வந்த டாக்எம் ஃபைல் சிவப்புப் பட்டையோடு தடுக்கப்பட்டால், அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே, ஃபைலின் ப்ராப்பர்டீஸில் "அன்பிளாக்" டிக் செய்யுங்கள்.